நாற்பத்தொரு பூட்டுகளுக்குள் நான்

நாற்பத்தொரு ஊர்களில் நாற்பத்தொரு கதவுகளை ஒரே மூச்சில் பூட்டிவிட்டு, பூட்டிய அந்த நாற்பத்தொரு இடத்துக்குள்ளும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாயில் போட்ட பிஸ்கட்டைக்கூட முழுங்கவில்லை.

எங்கள் தெருவில் இதை நம்பாதவர் கிடையாது. ஆறு வருஷமாக நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம்பினால்தான் விடுவேன் என்று தெரிந்ததும் எல்லோரும் நம்பிவிட்டார்கள். முடிதிருத்துபவர் பாதித் தலையிலேயே நம்பினார். பல் டாக்டர், என் வாயிலிருந்து கையை எடுத்தால் மறுபடி ஆரம்பித்துவிடுவேன் என்ற பயத்தில் நம்பினார். பாக்கி ஒரே ஒருவன்தான், என் மனைவியின் தம்பி. "சும்மா இருங்க அத்தான், அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலை" என்பான். இத்தனைக்கும் சம்பவம் நடந்த அன்று பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

அவன் தணிக்கைப் பிரிவில் இருந்தான். ஆபீஸில் அவனுக்குச் சல்லடை என்று பெயர். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே ஒரு காற்புள்ளி தப்பு என்று முந்நூறு பிரதியையும் அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவன். எங்கள் கணினிப் பிரிவைத் தணிக்கை செய்ய அவனைப் போட்டபோது, "இவர் என் அக்காவின் கணவர். ஆகவே இவரை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்ப்பேன்" என்று தலைமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். வந்த முதல் நாள் என்னைப் பார்த்து, "உங்க அடையாள அட்டை?" என்றான். முந்தின ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன ஆள்!

எங்கள் கம்பெனிக்கு நாற்பத்தொரு ரத்தப் பரிசோதனைக் கூடங்கள். ஒவ்வொன்றிலும் சுவரோரம் ஒரு பயர்வால் பெட்டி. வெளியிலிருந்து வரும் திருட்டுப் பயல்களை உள்ளே விடாத காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காவல்காரனுக்கே யார் உத்தரவு போடலாம், எந்த வழியாக வந்து போடலாம் என்று பெட்டியின் ஒவ்வொரு வாசலிலும், அதாவது கேபிள் சொருகும் ஒவ்வொரு ஓட்டையிலும், ஒரு சின்னப் பட்டியல் ஒட்டியிருக்கும். பிரவுசர் வழியாக வரலாம் என்று ஒரு சொல். கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வரலாம் என்று இன்னொரு சொல். பட்டியலில் சொல் இருந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் கடவுளே வந்தாலும் திறக்காது.

போன தணிக்கையில் சல்லடை ஒரு குறை எழுதியிருந்தான். பெட்டிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று தலைமை அலுவலகத்திலிருந்து பார்க்க முடியவில்லை, ஆகவே எல்லாப் பட்டியலிலும் 'பிங்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பிங் என்றால் சும்மா கதவைத் தட்டிக் கேட்பது. "இருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான்.

இந்த வேலையை என்னோடு செய்தவளுக்கு ஆபீஸில் ஒருநிமிஷம் என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்ணா" என்று ஆரம்பிப்பாள், ஐம்பது நொடியில் முடித்துவிடுவாள். ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஊழியர். நிரந்தர ஆட்களுக்குக் கழுத்தில் நீல நாடா, தற்காலிகத்துக்கு மஞ்சள். ஒன்பது வருஷத்தில் அந்த மஞ்சள் வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு அன்று இயக்குநர் மேஜையில் இருந்தது. ஒரே ஒரு தாள்தான் அதில் குறை: அவள் பெயரில் தணிக்கைக் குறை எதுவும் இல்லை என்று சல்லடை போட வேண்டிய கையெழுத்து. அன்று பதினொன்றரைக்குப் பார்த்துவிட்டுப் போடுவதாகச் சொல்லியிருந்தான். போடாவிட்டால் மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்து, அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நாற்பத்தொரு பெட்டிக்குள்ளும் ஒவ்வொன்றாகப் போய், திருத்தி, சேமித்து வந்தால் பொழுது சாய்ந்துவிடும். நமக்கு அது சரிப்படாது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு புண்ணியவான் இந்தப் பெட்டிகளோடு பேசுவதற்கென்றே பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்தக் கட்டளைத் தொகுப்பு, எழுதி இலவசமாகப் போட்டிருந்தான். அதை எடுத்துக்கொண்டு எல்லாப் பெட்டிக்குள்ளும் தானாகப் போய்த் திருத்திவிடும்படி பதினோரு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முந்தின நாள் மேஜை மேல் இருந்த பழைய பெட்டியில் ஒத்திகையும் பார்த்தோம். தட்டினோம், "இருக்கேன்" என்றது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் சாப்பிட்டோம்.

இங்கேதான் நானும் கடவுளும் மட்டும் அறிந்த ஒரு முட்டாள்தனம். ஒத்திகைப் பெட்டியில் முதல் வாசலின் பட்டியலைத் திருத்தினோம், ஆனால் நாங்கள் உள்ளே போய் வந்தது மூன்றாவது வாசல் வழியாக. முதல் வாசலுக்கு என்ன ஆனது என்று போய்ப் பார்க்கவில்லை. கூடத்துப் பெட்டிகளில் எங்களுக்கு இருந்ததோ அந்த முதல் வாசல் ஒன்றுதான்.

மறுநாள் பதினோரு மணி. என் லாகினைப் போட்டேன். "காலாவதி" என்றது. ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போதே என்னை இயந்திரங்கள் வழியனுப்ப ஆரம்பித்துவிட்டன.

"ஒரு நிமிஷம்ணா" என்று என் தோளுக்கு மேலே கையை நீட்டித் தன் லாகினைத் தட்டிவிட்டாள்.

"உன் பேரை எதுக்கும்மா போடறே? தப்பாச்சே."

"பிங்தானே அண்ணா. கதவைத் தட்டறதுக்கெல்லாமா ஜாதகம் பாப்பாங்க?"

ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். பதினொன்று இரண்டு. திரையில் நாற்பத்தொரு முறை 'சரி', 'சரி' என்று மழைபோல் இறங்கியது. சுவரில் மாட்டிய பெரிய திரையில் நாற்பத்தொரு விளக்கும் பச்சையாயின. நான் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டேன்.

அவள் தணிக்கைக்குப் படம் எடுத்துக் கொடுப்பதற்காக பிரவுசரில் எட்டாவது கூடத்தின் பெட்டியைத் திறந்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"திறக்கலைண்ணா."

"லைன் மந்தமா இருக்கும். வேற பாரு."

பன்னிரண்டாவது. சுற்றியது. இருபதாவது. அதுவும் சுற்றியது. கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை தட்டினாள். பதிலே இல்லை. பெரிய திரையில் மட்டும் நாற்பத்தொரு பச்சை விளக்கும் பல்லை இளித்துக்கொண்டிருந்தன.

ஸ்கிரிப்டில் எட்டாவது வரியைப் பார்த்தேன். பட்டியல் சமம் 'பிங்'. அந்த வரி எதையும் சேர்க்கவில்லை, பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு 'பிங்' என்று மட்டும் எழுதிய புதுப் பட்டியலை ஒட்டிவிட்டிருந்தது. சேர்ப்பதாக நினைத்தது என் மண்டை. லைப்ரரி எழுதிய புண்ணியவான் மேல் ஒரு பிழையும் இல்லை, நான் சொன்னதை அப்படியே செய்திருந்தான். இப்போது நாற்பத்தொரு காவல்காரர்களும் யார் தட்டினாலும் "இருக்கேன், இருக்கேன்" என்று சந்தோஷமாகக் குரல் கொடுப்பார்கள், கதவை மட்டும் யாருக்கும் திறக்க மாட்டார்கள். திறக்க வேண்டுமானால் ஒரு கேபிளைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தொரு ஊருக்கும் நேரில் போக வேண்டும்.

என் நெஞ்சு அடித்த அடியில் மேஜை மேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எதிர்க் கட்டடத்தில் ஒருவர் ஜன்னலைத் திறந்து எங்கே கடப்பாரை போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. கழுத்து நாடாவின் நுனியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். விரல் நுனி வெளுக்கும் வரைக்கும் சுற்றினாள்.

"அண்ணா, லாகில் என் பேருதானே இருக்கும்?"

நாற்பத்தொரு பெட்டியும், எத்தனை மணிக்கு, யார், என்ன செய்தார் என்று அவள் பெயரோடு எழுதி வைத்துக்கொண்டிருக்கும். பதினொன்றரைக்குச் சல்லடை கேட்கப்போவதும் அந்த லாகைத்தான்.

"நான்தான் செஞ்சேன்னு சொல்லிடறேன்மா."

"சொன்னா இன்னும் மோசம். லாகினை இன்னொருத்தர் கையில் குடுத்தா அன்னிக்கே சீட்டுக் கிழியும். நீங்க நாலு மாசத்துல போயிடுவீங்க. நான்..." பழக்க தோஷத்தில் சுட்டியைப் பிடித்தாள். வேலை முடிந்தால் திறந்த ஜன்னல்களையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிவிட்டுத்தான் எழுவாள், அவ்வளவு சுத்தம். முதலில் பிரவுசரை மூடினாள். அடுத்து பைத்தான் ஜன்னலின் மூலைக்குப் போனது அம்பு.

"கையை எடு!" என்றேன்.

என் குரலைக் கேட்டு நானே பயந்துவிட்டேன்.

ஸ்கிரிப்டைக் கோப்பாக ஓடவிடாமல், வரி வரியாகத் தட்டும் ஜன்னலிலேயே ஓடவிட்டிருந்தேன். சோம்பேறித்தனம்தான். அதனால் ஸ்கிரிப்ட் முடிந்தும் ஜன்னல் முடியவில்லை. நாற்பத்தொரு பெட்டிக்குள்ளும் போன இணைப்புகள் ஒன்றுகூட வெளியே வராமல் அங்கேயே இருந்தன. கதவைப் பூட்டிவிட்டோம், வாஸ்தவம். ஆனால் பூட்டும்போது நாங்கள் உள்ளே இருந்தோம்!

முதல் பெட்டியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். உன் பட்டியலில் என்ன இருக்கிறது? ஒரு நொடி. இரண்டு நொடி. 'பிங்' என்று பதில் வந்தது. பதில் வந்ததே போதும் என்று கும்பிட்டேன்.

"அண்ணா, இன்னும் உள்ளதான் இருக்கோமா?"

"உள்ளதான் இருக்கோம். எத்தனை மணி?"

"பதினொண்ணு நாலு."

உள்ளே போய் ஐந்து நிமிஷம் ஆனால், ஆள் என்ன வேலையில் இருந்தாலும் பெட்டி பிடரியைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். முன்பெல்லாம் அரை மணி நேரம் விட்டு வைக்கும். போன வருஷம் அதை ஐந்தாகக் குறைத்தவன் யார் என்கிறீர்கள்? என் மச்சினன்தான். அவனுக்கு விருந்து போட்ட கையை அப்படியே பார்த்துக்கொண்டேன். பதினொன்று ஏழுக்கு நாற்பத்தொரு இடத்திலிருந்தும் துரத்தப்படுவோம். அப்புறம் உள்ளே போக வழியே கிடையாது.

"எல்லாத்துலயும் மூணு சொல்லையும் போட்டுடுங்கண்ணா! பிரவுசர், கட்டளை, பிங். போட்டுடுங்க!"

தட்டப்போன என் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. எல்லாப் பெட்டியும் ஒன்றுபோல் இல்லை. மூன்று கூடங்களில் பிரவுசர் வழியை வேண்டுமென்றே அடைத்து வைத்திருந்தோம். அந்த மூன்றின் வாசலும் வெளி உலகத்தைப் பார்த்தபடி இருந்தது, அங்கே அந்தச் சொல்லை ஒரு நொடி போட்டாலும் ஊரில் உள்ளவனெல்லாம் வந்து கைப்பிடியைத் திருகிப் பார்ப்பான். பூட்டியதாவது முட்டாள்தனத்தில் சேரும். அந்த மூன்றில் திறந்தால் அது குற்றம், அதுவும் அவள் பெயரில்.

"எந்த மூணு?" என்றேன்.

"ஏழு ஒண்ணு. மத்தது..." கண்ணை மூடினாள். "ஏழு... பத்தொன்பதா, இருபத்தொன்பதா... நேத்துதான் அச்செடுத்தேனே!"

"தாள் எங்கே?"

அவள் பக்கத்து அறைச் சுவரைப் பார்த்தாள். தணிக்கைக்கு வேண்டும் என்று காலையிலேயே சல்லடை வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

"ஓடு."

ஓடினாள். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான், அங்கே பேசுவது இங்கே கேட்கும். நான் இரண்டு வரி தட்டினேன். மற்ற பெட்டிகளுக்கு மூன்று சொல், இந்த எண்களுக்கு மட்டும் இரண்டு சொல் என்று எழுதி, எண்கள் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். விரலில் இருந்த வியர்வை விசைப்பலகையில் வாய்க்கால் வெட்டி ஓடியது.

"சார், ஒரு நிமிஷம். காலையில் குடுத்த தாள் வேணும்."

"எதுக்கு?"

"ஒரு தடவை சரிபார்க்கணும், சார்."

"சரிபார்க்கத்தானே நான் இருக்கேன்? கைக்கு வந்த ஆதாரத்தைத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எனக்கில்லையேம்மா."

பதினொன்று ஐந்து ஆகி முப்பது நொடி. தடுப்பின் வழியாக அவள் முதுகு தெரிந்தது. பின்னால் கட்டிய கை நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. இவன் கழுத்தை நெரித்தால் என் மனைவி என்ன சொல்வாள் என்று யோசித்தேன். மூன்று நாள் பேசமாட்டாள், நாலாவது நாள் சரியாகிவிடும் என்று பட்டது.

"குடுக்க வேண்டாம் சார். படிச்சுச் சொன்னாப் போதும். பிரவுசர் வழி இல்லாத மூணு எது, எதுன்னு."

நாற்காலி நகரும் சத்தம். காகிதம் புரளும் சத்தம். அவன் கண்ணாடியைத் தேடுகிறான், துடைக்கிறான், ஊதுகிறான், மறுபடி துடைக்கிறான். ஒரு மனிதன் கண்ணாடி துடைப்பதற்குள் மலைகள் கரைந்து கடலாவதை அன்றுதான் பார்த்தேன்.

பதினொன்று ஆறு.

சல்லடை எழுந்து வந்தான். எங்கள் அறை வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான். சுவரில் பச்சை விளக்குகளைப் பார்த்தான். பிறகு தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான், எங்களுக்கு அவன் முகமே தெரியவில்லை.

"ஏழு" என்றான். "பத்தொன்பது. முப்பத்தி மூணு."

தட்டினேன். ஏழு. பத்தொன்பது. முப்பத்தி மூணு என்பதை முப்பத்தி இரண்டு என்று அடித்து, அழித்தேன்.

"ஏழு, பத்தொன்பது, முப்பத்தி மூணு" என்று அவனே இன்னொரு தடவை படித்தான். படித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

விசையை அழுத்தினேன். சரி. சரி. சரி. பதினான்காவதில் நின்றது. என் உயிரும் அங்கேயே நின்றது. அவள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்த பிடியில் நாற்காலி என்னோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தது. அந்தக் கூடம் ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறது, லைன் எப்போதும் நொண்டும்.

"வாடா கண்ணா, வாடா ராசா" என்று பெட்டியைக் கெஞ்சினேன்.

சரி. சரி. சரி. இருபது. முப்பது. முப்பத்தி மூணு. நாற்பது. நாற்பத்தொன்று சரி என்று வந்தபோது மணி பதினொன்று ஆறு ஐம்பது. மறுபடி பிரவுசரைத் திறந்து எட்டாவது கூடத்துக்குப் போனாள். திறந்தது. ஏழாவது கூடம் பிரவுசரில் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. கறுப்புத் திரையில் திறந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நான் பிஸ்கட்டை முழுங்கினேன். இரண்டாவது பிஸ்கட், அத்தனை நேரமும் கன்னத்தில் இருந்திருக்கிறது.

நிம்மதி என்று நினைக்காதீர்கள். லாகை யாரும் அழிக்க முடியாது. நாற்பத்தொரு பூட்டும், நாற்பத்தொரு திறப்பும் அவள் பெயரில் வரி வரியாக உள்ளே உட்கார்ந்திருந்தன. பதினொன்றரைக்குச் சல்லடை வந்தான். லாகைக் கேட்டான். அவளே அச்செடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒரு மணி நேரம். தடுப்பின் வழியாக அவன் தலை மட்டும் தெரிந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. அவள் ஒரே மின்னஞ்சலை ஏழு தடவை திறந்து மூடினாள். நான் தண்ணீர் குடித்த வேகத்தில் மாடித் தொட்டி காலியாகிவிட்டதென்று பிற்பாடு சொன்னார்கள்.

பன்னிரண்டரைக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டே வரி. "பிங் எல்லாப் பெட்டிகளிலும் திறக்கப்பட்டது. மற்ற அனுமதிகள் முன்பிருந்தபடியே உள்ளன." கீழே கையெழுத்து. அடுத்த வாரம் அவளுக்கு நீல நாடா வந்தது. இன்று அந்தப் பிரிவுக்கே அவள்தான் தலைவி.

அவன் லாகைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பார்த்திருந்தால் விடுகிற ஆளா? கேட்டால், "நான் பார்த்த வரைக்கும் அப்படி ஒண்ணும் நடக்கலை அத்தான். உங்களுக்கு வயசாயிடுச்சு" என்பான். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வாசலில், என் அறுபத்தைந்தாவது பிறந்தநாளில் கேக் வெட்டும்போதுகூட, "நடக்கலை."

நேற்று வெள்ளிக்கிழமை அவன் ஓய்வு பெற்றான். இன்று காலை எட்டு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். கையில் பை இல்லை, மடியில் கோப்பு இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான். குழாய் பழுது பார்க்க வந்தவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார். எழுந்து ஓட முடியாத ஆள் கிடைத்தால் விடுவேனா? "நாற்பத்தொரு ஊர்ல..." என்று ஆரம்பித்தேன்.

முழுக்கச் சொல்லி முடித்தேன். மச்சினன் வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி காப்பியோடு வந்தவள் நின்றுவிட்டாள். "என்னடா, இன்னிக்கு நடக்கலைன்னு சொல்லலையா? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நேத்து சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் நடக்கலை அக்கா" என்றான்.

"அப்படின்னா?"

"நேத்து வரைக்கும் என் கையெழுத்தை யாரும் கேள்வி கேட்கலாம். நடந்துச்சுன்னு நான் எங்கேயாவது சொன்னா, ஏன்யா எழுதலைன்னு கேட்பாங்க. அந்தப் பொண்ணு கோப்பைத் திறப்பாங்க." காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தான். "நான் எழுதின ரெண்டு வரியில் பொய் ஒண்ணும் இல்லையே. பிங் திறந்துச்சு. மத்ததெல்லாம் முன்னாடி இருந்தபடியேதான் இருந்துச்சு, நான் பார்த்தப்போ. நடுவுல நாலு நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னு யாரும் என்னைக் கேட்கலை."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. நாற்பது வருஷக் குடித்தனத்தில் முதல் தடவை என்று என் மனைவி சொல்கிறாள்.

"அப்ப லாகைப் பார்த்தியா மச்சான்?"

தொட்டிக்கு அடியிலிருந்து குழாய்க்காரரும் தலையை நீட்டினார்.

"ஒரு மணி நேரம் பார்த்தேன்" என்றான். "பதினொண்ணு ரெண்டுக்கு நாப்பத்தோரு வரி. பதினொண்ணு ஆறுக்கு நாப்பத்தோரு வரி. நடந்துச்சு அத்தான்."